உயிர் காக்கும் பொறியியல்

சிரம்பான் வட்டாரத்தில் இரத்தச் சுத்திகரிப்பு நிலையம் என்றால் தெரியாத குடும்பம் குறைவு. லாபு, ரந்தாவ், மந்தின் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு காலத்தில் பால்மரம் வெட்டியவர்களும், தோட்டம் துண்டாடப்பட்ட பின் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த அவர்களின் பிள்ளைகளும் அங்கே சிகிச்சை பெறுகிறார்கள். சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் அந்த இயந்திரத்தின் அருகில் படுத்திருக்க வேண்டும். ஒரு முறை தவறினால் உடல் வீங்கும், மூச்சு வாங்கும். சில முறை தொடர்ந்து தவறினால் உயிருக்கே ஆபத்து.

அந்த நான்கு மணி நேரத்தில் என்ன நடக்கிறது? நோயாளியின் கையிலிருந்து வரும் இரத்தம், ஒரு முழ நீளம்கூட இல்லாத நெகிழி உருளை ஒன்றுக்குள் செல்கிறது. அதனுள் பத்தாயிரம் அளவில் மெல்லிய குழல்கள் உள்ளன. ஒவ்வொரு குழலின் உள்விட்டமும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். இரத்தம் குழல்களின் உள்ளே ஓடுகிறது. உப்புகள் அளவாகக் கலந்த நீர் குழல்களின் வெளியே எதிர்த்திசையில் ஓடுகிறது. குழலின் சுவரிலுள்ள நுண்துளைகள் வழியாக யூரியா போன்ற கழிவுகள் நீருக்குள் இறங்கிவிடுகின்றன. இரத்த அணுக்கள் பெரியவை. அவை வெளியேற முடியாது. இந்த நீர் நிமிடத்திற்கு 500 மில்லிலிட்டர் வேகத்தில் ஓடுவது வழக்கம். அப்படியானால் நான்கு மணி நேரத்தில் ஒரு நோயாளிக்கு மட்டும் 120 லிட்டர் நீர் தேவைப்படுகிறது. ஒரு வாரத்திற்கு 360 லிட்டர்!

குழாயில் வரும் நீரை அப்படியே பயன்படுத்த முடியாது. நாம் குடிக்கும் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்பட்டிருக்கும். வயிற்றுக்குள் சென்றால் அதனால் தீங்கில்லை. ஆனால், இரத்தத்தோடு மெல்லிய சுவர் ஒன்றால் மட்டுமே பிரிக்கப்பட்ட நீரில் அது இருந்தால் சிவப்பணுக்கள் சிதையும். ஆகவே, நிலையத்தின் பின்னறையில் கரி நிரப்பிய தொட்டிகளும் எதிர்ச் சவ்வூடுபரவல் கருவியும் இடைவிடாமல் வேலை செய்கின்றன. நோயாளி அந்த அறையைப் பார்த்திருக்கமாட்டார். அவருடைய உயிர் முன்னறையிலுள்ள மருத்துவரையும் தாதியையும் நம்பியிருப்பதைப் போலவே, பின்னறையைப் பார்த்துக்கொள்பவரையும் நம்பியிருக்கிறது. அவர் படித்த துறையின் பெயர் உயிர்மருத்துவப் பொறியியல்.

மருத்துவரின் தேவையும் பொறியாளரின் திறனும் ஒன்றுசேரும் இடமே இத்துறை. இருதய முடுக்கி, செயற்கை மூட்டு, செவிப்புலக் கருவி, ஊடுகதிர்ப் படக்கருவி, செயற்கைக் கால், குறைமாதக் குழந்தையைக் காக்கும் வெப்பப்பெட்டி ஆகிய அனைத்தும் இதன் எல்லைக்குள் அடங்கும். பெயர் புதிது, வேலை பழையது. நடைமுறைக்கு உதவும் செயற்கைச் சிறுநீரகத்தை முதலில் உருவாக்கிய வில்லம் கோல்ஃப் ஒரு மருத்துவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், செருமானியரின் பிடியிலிருந்த நெதர்லாந்தின் கம்பன் என்னும் சிற்றூரில், 1943ஆம் ஆண்டு அவர் அதனைச் செய்தார். தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்படும் செல்லோபேன் குழாயை மர உருளையில் சுற்றி, உப்புநீர்த் தொட்டிக்குள் சுழலவிட்டார். முதலில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945ஆம் ஆண்டில்தான் 67 வயது மூதாட்டி ஒருவர் நினைவிழந்த நிலையிலிருந்து மீண்டு எழுந்தார். இன்று சிரம்பானில் இயங்கும் ஒவ்வோர் இயந்திரமும் அந்த மர உருளையின் வாரிசுதான்.

இத்துறையை இளங்கலைப் பட்டத்திலேயே படிக்கலாம். ஆயினும், இதன் முதுகலைப் படிப்புக்குத் தனியொரு சிறப்பு உண்டு. வெவ்வேறு துறைகளில் பட்டம் பெற்றவர்கள் ஒரே வகுப்பில் வந்து சேர்வது இங்கேதான். இயந்திரப் பொறியியல் படித்தவருக்கு விசையும் உராய்வும் தெரியும். இருதயத்தின் நான்கு அறைகள் தெரியா. மின்னணுவியல் படித்தவருக்குச் சுற்றுகள் அத்துப்படி. நரம்பு எப்படிச் செய்தி அனுப்புகிறது என்பது புதிது. ஆகவே, முதல் பருவத்தில் அனைவரும் உடலியங்கியல் படிக்கிறார்கள். பிறகு உயிர்விசையியல், உயிர்ப்பொருளியல், மருத்துவ அளவைக் கருவியியல், மருத்துவப் படமாக்கம், சமிக்ஞைப் பகுப்பாய்வு, மருத்துவ அறநெறி, கருவிகளுக்கான சட்டவிதிகள் என்று பாடங்கள் விரிகின்றன. படிப்புக்காலம் பெரும்பாலும் ஓராண்டிலிருந்து இரண்டாண்டுகள் வரை இருக்கும்.

வகுப்பில் செய்யப்படும் பயிற்சி ஒன்றைப் பார்ப்போம். இருதயம் துடிக்கும்போது தோலின்மேல் தோன்றும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட்டு மட்டுமே. மாணவர் ஒருவர் தம் தோழரின் கைகளிலும் காலிலும் மின்முனைகளை ஒட்டி அதனைப் பதிவு செய்ய முயல்கிறார். திரையில் இருதய அலை தெரியவில்லை. அடர்ந்த சீப்புப் பற்களைப் போன்ற கோடுகளே தெரிகின்றன. காரணம், சுவரிலுள்ள மின்கம்பி. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அந்த அதிர்வை மனித உடல் வானலை வாங்கியைப் போல வாங்கிக்கொள்கிறது. அந்த இரைச்சலை வடிகட்டும் சுற்றை மாணவர் வடிவமைக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக வடிகட்டிவிட்டால், மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் சிறு மாற்றமும் அலையோடு சேர்ந்து மறைந்துபோகலாம். கணக்குச் சரியாக இருந்தும் நோயாளி தவறாகக் கணிக்கப்படுவார். இப்படிப்பில் ஒவ்வொரு விடைக்கும் பின்னால் ஓர் உடல் படுத்திருக்கிறது. மற்றப் பொறியியல் துறைகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இத்துறையில் ஒரு கருவி எப்படிப் பிறக்கிறது என்பதை அறிய, இந்தியாவின் திருவனந்தபுரத்திற்குச் செல்ல வேண்டும். அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்பக் கழகத்தில் செயற்கை இருதய வால்வு உருவான கதை, நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

இருதயத்தின் அறைகளுக்கு இடையில் இரத்தம் பின்னோக்கிப் பாயாதபடி தடுக்கும் கதவுகளே வால்வுகள். சிறு வயதில் தொண்டையில் ஏற்படும் ஒருவகை நுண்கிருமித் தொற்று கவனிக்கப்படாமல் விடப்பட்டால், வாதக் காய்ச்சலாக மாறி இந்தக் கதவுகளைச் சிதைத்துவிடும். நெருக்கடியான வீடுகளில் வாழும் ஏழைப் பிள்ளைகளையே இந்நோய் அதிகம் தாக்கியது. சிதைந்த வால்வை அகற்றிச் செயற்கை வால்வு பொருத்தலாம். ஆனால், 1970களில் அது வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். அறுவை செய்ய மருத்துவர் இருந்தார், அறுவைக்கூடம் இருந்தது, வால்வு வாங்கப் பணம் இல்லை. அந்த ஒரே காரணத்தால் இருபது வயது இளைஞர்கள் இறந்தார்கள்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் இருதய அறுவை மருத்துவர் மா. ச. வலியத்தான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்றுத் தாயகம் திரும்பிய அவர், 1974ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் பொறுப்பேற்றார். மருத்துவமனையும் பொறியியல் ஆய்வகமும் ஒரே கழகத்தின் இரு கைகளாக இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அன்றைய இந்தியாவில் அது புதுமையானது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தினர் வழங்கிய சேடல்மண்ட் அரண்மனையில் தொழில்நுட்பப் பிரிவு அமைந்தது. அரசிளங்குமரிகள் உலவிய கூடங்களில் உலோகம் கடையும் இயந்திரங்கள் வந்து நின்றன! 1980ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் இக்கழகத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது.

வால்வை வடிவமைக்கும் பணியில் பொறியாளர் ஜி. எஸ். புவனேஸ்வரும் அவருடைய குழுவினரும் ஈடுபட்டனர். அவர்கள் தேர்ந்தெடுத்தது சாயும் வட்டு வகை. ஒரு வளையத்திற்குள் காசு வடிவில் ஒரு வட்டு இருக்கும். இரத்தம் முன்னோக்கிப் பாயும்போது வட்டு சாய்ந்து வழிவிடும். பின்னோக்கித் திரும்பினால் மூடிக்கொள்ளும். கேட்பதற்கு எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், மனித இருதயம் நிமிடத்திற்கு 72 முறை துடிப்பதாகக் கொண்டால், ஒரு நாளில் ஓர் இலட்சம் முறைக்கும் மேல் துடிக்கிறது. ஓராண்டில் அது ஏறக்குறைய 38 மில்லியன். அத்தனை முறையும் அந்தக் கதவு திறந்து மூட வேண்டும். ஒரே ஒரு முறைகூடச் சிக்கிக்கொள்ளக்கூடாது. துருப்பிடிக்கக்கூடாது; இரத்தத்தை உறையச் செய்யக்கூடாது; அணுக்களை நசுக்கக்கூடாது.

முதல் வால்வின் கூடு டைட்டேனியத்தால் ஆனது. வட்டைத் தாங்கும் கம்பிகள் அதில் பற்றவைக்கப்பட்டிருந்தன. சோதனை இயந்திரத்தில் ஓடவிட்டபோது, பற்றவைத்த இடத்தில் கம்பி முறிந்தது. இரண்டாவது வால்வில் பற்றவைப்பே இல்லை. கூடு முழுவதும் ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுக்கப்பட்டது. வட்டுக்கு நீலமணிக்கல் பயன்படுத்தப்பட்டது. வைரத்திற்கு அடுத்தபடியாகக் கடினத்தன்மை கொண்ட பொருள்களில் அஃதும் ஒன்று. இங்கே வேறொரு சிக்கல் முளைத்தது. கல் தேயவில்லை, கல் உரசி உரசி உலோகம் தேய்ந்தது. மூன்றாவது வால்வில் கூட்டை மாற்றினார்கள். குரோமியம், கோபால்ட்டு முதலியன கலந்த, மிகக் கடினமான கலப்புலோகம் பயன்படுத்தப்பட்டது. இம்முறை இயந்திரச் சோதனைகளில் வால்வு வென்றது. செம்மறியாடுகளுக்குப் பொருத்தினார்கள். ஆடுகள் எழுந்து நடந்தன, மேய்ந்தன. குழுவினர் மகிழ்ந்திருந்த வேளையில், சில மாதங்களில் ஓர் ஆடு திடீரென இறந்தது. அறுத்துப் பார்த்தபோது நீலமணி வட்டு உடைந்திருந்தது.

பல ஆண்டு உழைப்பு அந்த ஆட்டோடு விழுந்துவிட்டது என்றே பலரும் எண்ணியிருப்பர். பொதுப் பணத்தைச் செலவழித்து மூன்று முறை தோற்ற குழுவுக்கு நான்காவது வாய்ப்புக் கொடுப்பது எளிதன்று. ஆட்டுக்கு நேர்ந்தது மனிதருக்கு நேர்ந்திருந்தால்? நிறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. தொடர்வதற்கும் அதே அளவு வலுவான காரணம் இருந்தது: வால்வு இல்லாமல் நோயாளிகள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். குழு தொடர்ந்தது.

நான்காவது வால்வில் அவர்கள் எண்ணத்தையே தலைகீழாக்கினார்கள். கடினமான வட்டுத்தானே தொல்லை? மென்மையான வட்டைப் பயன்படுத்தினால் என்ன? செயற்கை இடுப்பு மூட்டுகளில் பயன்படும், மிக உயர்ந்த மூலக்கூற்று எடை கொண்ட பாலித்தீனை எடுத்தார்கள். நாம் அன்றாடம் பயன்படுத்தும் நெகிழிப் பையின் நெருங்கிய உறவுக்காரப் பொருள் அது. ஆனால், தேய்மானத்தைத் தாங்கும் ஆற்றல் பன்மடங்கு. அது கூட்டைத் தேய்க்கவில்லை, உடையவில்லை, மூடும்போது எழும் ஒலியும் குறைந்தது. கூடு கலப்புலோகம், வட்டு பாலித்தீன், இருதயத்தோடு வைத்துத் தைக்கும் வளையம் பாலியெஸ்டர்த் துணி. மூன்றுமே உள்நாட்டில் செய்து முடிக்கத்தக்கவை.

1990ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அந்த வால்வு முதன்முறையாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டிடிகே குழுமம் அதன் உற்பத்தியை ஏற்றுக்கொண்டது. இறக்குமதி வால்வைவிட மிகக் குறைந்த விலையில் அது கிடைத்தது. இதுவரை ஓர் இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு அது பொருத்தப்பட்டுள்ளது. இயந்திர வால்வு பொருத்திக்கொண்டவர், இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டும் என்பது உண்மையே. அந்தக் குறையை இவ்வால்வும் நீக்கிவிடவில்லை. முன்பு மருந்து உட்கொள்ளும் வாழ்நாளே பலருக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு. கடினமான வட்டு கொண்ட வால்வுகளை 400 மில்லியன் முறை திறந்து மூடிச் சோதிக்க வேண்டும் என்று இன்றைய அனைத்துலகத் தரநிலை கூறுகிறது. இருதயத்தின் வேகத்திலேயே சோதித்தால் பத்தாண்டுகளுக்கு மேல் பிடிக்கும். இருதயத்தைவிடப் பதினைந்து மடங்கு வேகத்தில் ஓடும் இயந்திரத்தில் இட்டால் ஏறக்குறைய எட்டரை மாதங்களில் முடிந்துவிடும். ஆனால், வேகத்தைக் கூட்டும்போது உராய்வும் வெப்பமும் மாறும். அந்த எட்டரை மாதம் உண்மையிலேயே பத்தாண்டுக்குச் சமமா? முதுகலை மாணவர் ஒருவர் ஆய்வேடு முழுவதையும் எழுதக்கூடிய வினா இது.

திருவனந்தபுரத்துக் கழகம் பின்னர் இரண்டு நிறுவனங்களோடு கைகோத்து ஒரு முதுகலைப் படிப்பை உருவாக்கியது. ஒன்று, சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம். மற்றொன்று, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி. படிப்பின் பெயர் மருத்துவமனைப் பொறியியல். மாணவர்கள் சென்னையில் பொறியியல் பாடங்களைக் கற்கிறார்கள். மருத்துவமனைகளில் நோயாளிகளின் அருகில் நின்றும் கற்கிறார்கள். அறுவைக்கூடத்தில் மருத்துவர் எந்தக் கருவியை எடுக்கத் தயங்குகிறார், தாதி எந்தப் பொத்தானை இரண்டு முறை அழுத்துகிறார், எந்த எச்சரிக்கை மணியை எல்லாரும் கேட்டும் கேளாததுபோல் இருக்கிறார்கள் என்பனவற்றைப் பார்த்து அறிவதும் பாடத்தின் பகுதியாகிறது. ஆய்வகத்தில் மட்டும் உட்கார்ந்திருப்பவருக்கு இவை தெரியவரா. இதைப் போன்ற ஏற்பாடு நம் நாட்டிலும் பரவலாக வேண்டும்.

வேலூருக்கு இத்துறையில் இன்னொரு பெருமையும் உண்டு. 1946ஆம் ஆண்டு அங்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்களை ஆராய்ந்தார். சதை தானாக அழுகுவதில்லை என்றும், உணர்ச்சியற்ற பாதம் கல்லையும் முள்ளையும் அறியாமல் மிதிப்பதாலேயே புண்படுகிறது என்றும் விளக்கினார். வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் அத்தகைய பாதங்களுக்காக நுண்ணறை இரப்பரால் மென்மையான செருப்புகள் செய்யப்பட்டன. நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் இதே அறிவு இன்று பயன்படுகிறது.

இரப்பர் என்றதும் நெகிரி செம்பிலான் மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பனி விலகுமுன் மரத்தில் கோடு கீறிச் சேகரித்த பால், அறுவைக் கையுறையாகவும் சிறுநீர்க் குழாயாகவும் மாறி உலகெங்கும் மருத்துவமனைகளை அடைந்தது. உலகில் இரப்பர்க் கையுறையை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடுகளில் மலேசியா முன்னணியில் நிற்கிறது. தோட்டத்து டிரெசரிடம் காயத்துக்குக் கட்டுப்போட்டுக்கொள்ள வந்த தொழிலாளி, தாம் வெட்டிய பாலும் மருத்துவம் செய்கிறது என்று அறிந்திருப்பாரோ என்னவோ!

இரப்பரால் ஆன மற்றொரு கருவி ஜெய்ப்பூர்க் கால். 1968ஆம் ஆண்டளவில் இராஜஸ்தானின் ஜெய்ப்பூர் நகரில், எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும், கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் அதனை உருவாக்கினர். அக்காலத்து மேலைநாட்டுச் செயற்கைப் பாதத்திற்குச் சப்பாத்து அணிந்தாக வேண்டும். அதை அணிந்து சம்மணமிட்டு உட்கார முடியாது, குந்த முடியாது, சேற்றில் இறங்கினால் கெட்டுவிடும். வெறுங்காலோடு வயலில் நிற்கும் மக்களுக்கு அதனால் என்ன பயன்? சர்மா அதிகம் படித்தவர் அல்லர். டயர்க்கடையில் பழைய டயருக்கு இரப்பர் பூசி வேகவைப்பதைக் கண்டு, அதே முறையில் பாதத்தை வார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியதாகச் சொல்வர். தோல் நிறத்தில், விரல்களோடு, வளைந்துகொடுக்கும் பாதம் பிறந்தது. போரால் கால் இழந்த மக்களுக்காக யாழ்ப்பாணத்திலும் 1980களிலிருந்து ஜெய்ப்பூர்க் கால் நிலையம் ஒன்று பணியாற்றி வருகிறது. அங்கே பொருத்தப்படும் ஒவ்வொரு காலும் தமிழ்பேசும் ஒருவரை மீண்டும் கிணற்றடிக்கும் வயலுக்கும் அனுப்பிவைக்கிறது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம் இப்பணியை இன்றைய அறிவியலோடு தொடர்கிறது. இம்மையமும் பெங்களூரிலுள்ள ஒரு மறுவாழ்வு அமைப்பும் இணைந்து உருவாக்கிய ‘கதம்’ என்னும் செயற்கை முழங்கால் 2022ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. இந்திச் சொல்லான அதற்கு ‘அடி’ என்பது பொருள். அது 160 பாகை வரை மடங்கும். ஏன் அவ்வளவு? நெரிசலான பேருந்தில் இருக்கைக்கும் இருக்கைக்கும் இடையில் காலை மடக்கி உட்கார வேண்டுமே! மூன்று மில்லியன் முறை விசை கொடுத்து அதனைச் சோதித்திருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டில் அம்மையம், அமர்ந்திருப்பவர் தாமே எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலியையும் அறிமுகப்படுத்தியது. அப்போது அதன் விலை ஏறக்குறைய 15,000 இந்திய ரூபாயாக இருந்தது.

நம் நாட்டிற்கு இவை ஏன் முக்கியம்? 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, 18 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதன் விழுக்காடு மிக அதிகம். சிறுநீரகச் செயலிழப்புக்கும் கால் துண்டிப்புக்கும் நீரிழிவு ஒரு முதன்மைக் காரணம். சுத்திகரிப்பு இயந்திரமும் செயற்கைக் காலும் நம் வீடுகளுக்குத் தொலைவான செய்திகள் அல்ல.

மலேசியாவில் இத்துறைக்கு வழிகாட்டியாகத் திகழ்வது மலாயாப் பல்கலைக்கழகம். அங்கே உயிர்மருத்துவப் பொறியியல் துறை 1990களில் தொடங்கப்பட்டது. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உட்பட வேறு சில பல்கலைக்கழகங்களிலும் இதனைப் பயிலலாம். சிரம்பான் மாணவருக்கு மலாயாப் பல்கலைக்கழகம் எட்டாத தொலைவில் இல்லை. சிரம்பானிலோ லாபுவிலோ கொமுட்டர் இரயில் ஏறினால் கோலாலம்பூர் சென்ட்ரல்; அங்கிருந்து இலகு இரயிலில் ‘யுனிவர்சிட்டி’ நிலையம். முதுகலைப் படிப்பைப் பாடவழியாகவோ, ஆய்வுவழியாகவோ, இரண்டும் கலந்தோ மேற்கொள்ளலாம். மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே படிக்க விரும்புவோருக்குப் பாடவழி ஏற்றது. புதிய கருவியொன்றை உருவாக்க எண்ணுவோர் ஆய்வுவழியைத் தேர்ந்தெடுப்பர். பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராகப் பணியாற்றிப் படிப்புச் செலவின் ஒரு பகுதியை ஈடுசெய்வோரும் உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் வேலைக்கு முதுகலைப் பட்டம் கட்டாயமன்று. பட்டயம் பெற்ற தொழில்நுட்பர்கள் அவ்வேலையைத் திறம்படச் செய்து வருகிறார்கள். அரசாங்க மருத்துவமனைகளின் பராமரிப்புப் பணி 1990களின் பிற்பகுதியில் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அதில் உயிர்மருத்துவக் கருவிப் பராமரிப்பும் அடங்கியது. அதனால் பலருக்கு வேலை கிடைத்தது. முதுகலை தேவைப்படுவது வேறிடத்தில். கருவியை வடிவமைப்பவருக்கும், அது பாதுகாப்பானதா என்று மதிப்பிடுபவருக்கும், கற்பிப்பவருக்கும் அது தேவை. 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டம் இயற்றப்பட்ட பின், நாட்டில் விற்கப்படும் கருவிகள் முறையாகப் பதிவு செய்யப்பட வேண்டும். அப்பதிவுக்கான சான்றுகளைத் திரட்டவும் சரிபார்க்கவும் பயிற்சி பெற்றவர்கள் தேவைப்படுகிறார்கள். பட்டம் பெற்றவுடன் முதுகலைக்கு ஓடுவதைவிட, ஓரிரு ஆண்டுகள் மருத்துவமனையில் வேலை செய்துவிட்டுச் செல்வது நல்லது. எந்த வினாவுக்கு விடை தேடப் போகிறோம் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

படிவம் நான்கிலும் ஐந்திலும் இயற்பியல், உயிரியல், கூடுதல் கணிதம் ஆகிய பாடங்களை எடுப்பது இத்துறைக்கு அடித்தளம். பலர் உயிரியலை மருத்துவத்துக்கு என்றும், இயற்பியலைப் பொறியியலுக்கு என்றும் பிரித்துவிடுகிறார்கள். இங்கே இரண்டும் வேண்டும். எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் ஆறாம் படிவம், மெட்ரிகுலேசி, பட்டயப் படிப்பு என எவ்வழியாகவும் இளங்கலைப் பட்டத்தை அடையலாம். பட்டயத்தின் வழியாக வருபவருக்கு ஓராண்டு கூடுதலாகலாம். ஆனால், அவர் திருகாணியைக் கையால் திருகிப் பழகியிருப்பார்.

சிரம்பான் வட்டாரத்திலேயே ஆராயத்தக்க வினாக்கள் எத்தனையோ உள்ளன. செம்பனைத் தோட்டத்து மண்பாதையில், மழைநாளில், செயற்கைக் கால் எவ்வளவு வழுக்குகிறது? வாசலில் இரண்டு படிகள் கொண்ட பழைய தோட்டவீட்டில் சக்கர நாற்காலி எப்படி ஏறும்? மின்சாரம் தடைப்பட்டால் சுத்திகரிப்பு இயந்திரத்திலுள்ள இரத்தத்தை எத்தனை நிமிடத்திற்குள் நோயாளியின் உடலுக்குத் திருப்ப வேண்டும்? வெயிலில் வேலை செய்து வியர்த்த உடலில் இருதயப் பதிவு மின்முனை எத்தனை மணி நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும்? குளிரூட்டிய ஆய்வகத்தில் ஒட்டிய அதே மின்முனை, பகாவ் வெயிலில் நண்பகலுக்கு முன்பே உரிந்து விழக்கூடும்.